இயற்கைத் தேர்வு: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

பரிணாமம் பற்றி யாரோடு பேசினாலும் ஏறக்குறைய இதே பதினைந்து கேள்விகளில்தான் பேச்சு வந்து நிற்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன. 7 முதல் 10 வரை கொஞ்சம் கணக்கு உண்டு. பெருக்கல் தெரிந்தால் போதும்.

1. இயற்கைத் தேர்வு, இயற்கைத் தேர்வுன்னு சொல்றீங்களே, சுருக்கமா அது என்ன?

ஒரே இனத்து உயிர்கள் அச்சில் வார்த்தது போல இருப்பதில்லை. ஒன்றின் அலகு பருமன், இன்னொன்றின் அலகு மெலிசு. அந்த வேறுபாட்டில் ஒரு பங்கு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. அந்த வேறுபாட்டால் சிலவற்றுக்குப் பிழைக்கும் பிள்ளைகள் கூடுதலாகவும் சிலவற்றுக்குக் குறைவாகவும் அமைகின்றன. இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் அடுத்த தலைமுறையில் விகிதம் மாறியே தீரும்.

விகிதம் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மாறுவது தனி உயிர் அல்ல, கூட்டத்தில் எந்த வகை எத்தனை பங்கு என்பதுதான். கீழே வரும் குழப்பங்களில் பாதி இதை மறப்பதால் வருகிறது. டார்வினும் ஆல்ஃபிரட் வாலஸ் என்ற இன்னொரு ஆங்கிலேய இயற்கையியலாளரும் தனித்தனியாக இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இருவரின் எழுத்தும் 1858 ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் ஒன்றாக வாசிக்கப்பட்டது.

2. தேர்வு என்றால் தேர்ந்தெடுக்க ஒருவர் வேண்டாமா? இயற்கை எப்படித் தேர்ந்தெடுக்கும்?

இந்த வார்த்தை வாலஸுக்கே உறுத்தியது. யாரோ உட்கார்ந்து பொறுக்குவது போல மக்கள் புரிந்துகொள்கிறார்கள் என்று 1866இல் டார்வினுக்குக் கடிதம் எழுதினார். தமிழில் நமக்கு இன்னும் ஒரு சங்கடம்: தேர்வு என்றால் பரீட்சையும் ஆகும். கேள்வித்தாள், கண்காணிப்பாளர் எல்லாம் மனதில் வந்துவிடுகிறார்கள்.

சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு கீழே போகிறது, கப்பி மேலே நிற்கிறது. எது நல்ல மாவு என்று சல்லடை யோசிக்கவில்லை, கண்ணின் அளவுதான் காரணம். இயற்கைத் தேர்வு என்பது நடந்து முடிந்த கழித்தலுக்கு நாம் வைத்த பெயர்.

3. வல்லவன் வாழ்வான், அதைத்தானே டார்வின் சொன்னார்?

அந்தச் சொற்றொடர் ஆங்கிலேயத் தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் உருவாக்கியது. டார்வின் அதைத் தன் ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் ஐந்தாம் பதிப்பில்தான் (1869) சேர்த்தார். அதுவும் தமிழுக்கு வரும்போது ‘வல்லது வாழும்’ என்று முறுக்கு மீசையோடு வந்துவிட்டது. ‘தக்கன பிழைத்தல்’ என்பதுதான் சரியான பெயர்ப்பு.

எதற்குத் தக்கது? அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு. உயிரியலில் தகுதி என்றால் தசை வலிமை அல்ல, பிழைத்து வளரும் பிள்ளைகளின் எண்ணிக்கை. நூறாண்டு வாழ்ந்து பிள்ளையில்லாமல் போன சிங்கத்தின் தகுதி இந்தக் கணக்கில் பூஜ்யம்.

4. ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டித்தானே கழுத்து நீளமாச்சு? தேவைப்பட்டா உடம்பு மாறிக்கும்தானே?

இல்லை. ஆனால் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மருந்து கொடுத்த பிறகு மருந்துக்கு அசையாத பாக்டீரியா வருகிறது. பார்க்கிறவருக்கு, மருந்தைக் கண்டு அது மாறிக்கொண்டது போலத்தான் தோன்றும். மாற்றம் முதலில் வந்ததா, மருந்து முதலில் வந்ததா என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

1943இல் சால்வடோர் லூரியாவும் மாக்ஸ் டெல்ப்ரூக்கும் பிரித்துக் காட்டினார்கள். எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது. பல சோதனைக் குழாய்களில் சில பாக்டீரியாக்களை மட்டும் விட்டுத் தனித்தனியே பெருகவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு குழாயையும், பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் பூசிய ஒரு தட்டில் கொட்டிப் பிழைத்தவற்றை எண்ணினார்கள். வைரஸைத் தொட்ட பிறகுதான் மாற்றம் வருகிறது என்றால் எல்லாத் தட்டிலும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். முன்பே தற்செயலாக வந்துவிட்டது என்றால் கதை வேறு. குழாயில் சீக்கிரமே வந்த மாற்றம் பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் என்று ஒரு பெருங்குடும்பமாகியிருக்கும், கடைசி நேரத்தில் வந்தது ஒன்றிரண்டோடு நிற்கும். தட்டுகளில் தெரிந்தது இரண்டாவதுதான். பல தட்டுகளில் ஒன்றுமில்லை அல்லது ஒன்றிரண்டு, சிலவற்றில் மட்டும் அள்ளிக் கொட்டியது போல.

ஆக, வைரஸ் எதையும் உருவாக்கவில்லை. ஏற்கெனவே இருந்ததை வெளியே காட்டியது, அவ்வளவுதான். ஒட்டகச்சிவிங்கிக்கும் இதே நியாயம். எட்டியதால் கழுத்து நீளவில்லை. கழுத்து நீளத்தில் முன்பே வேறுபாடு இருந்தது.

5. அப்ப எல்லாமே குருட்டு அதிர்ஷ்டமா?

வேறுபாடு வருவது தற்செயல். சலிப்பது தற்செயல் அல்ல. கப்பியும் மாவும் எப்படிக் கலந்திருந்தாலும் சல்லடைக்குக் கீழே மாவுதான் விழும். ஆனால் தற்செயலுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, 9ஆம் கேள்வியில் அது வருகிறது.

6. யாராவது கண்ணால் பார்த்திருக்காங்களா? எல்லாம் கோடி வருஷ சமாச்சாரம்தானே?

பார்த்திருக்கிறார்கள், கருவி வைத்து அளந்தும் இருக்கிறார்கள். பசிபிக் கடலில் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்று ஒரு சின்னத் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி 1973 முதல் அங்கே ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்து விட்டுக்கொண்டே இருந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. மெல்லிய சிறு விதைகள் தீர்ந்துபோயின. மிஞ்சியது நெருஞ்சி வகைச் செடியின் காய். நெருஞ்சியை மிதித்தவர்களுக்கு அதன் தோல் எவ்வளவு கெட்டி என்று தெரியும். பருமனான அலகு அதை உடைக்கும், மெலிந்த அலகு உடைக்காது. அந்தத் தீவின் நடுத்தரத் தரைஃபிஞ்ச் பறவைகளில் பத்தில் எட்டுக்கு மேல் செத்துப்போயின. பிழைத்தவற்றின் அலகு, பழைய சராசரியைவிட அரை மில்லிமீட்டர் பருமன். அவற்றின் குஞ்சுகளுக்கும் பருமன் அலகு.

அப்புறம் 1983இல் எல் நினோ மழை கொட்டித் தீர்த்தது. சிறு விதைகள் பெருகின. நிலைமை தலைகீழாகி, அடுத்த ஆண்டுகளில் சிறிய அலகுகள் முன்னுக்கு வந்தன. வல்லது, வளர்ந்தது என்று எதையும் நிரந்தரமாகச் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இன்னொன்று வருத்தமானது. மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். போருக்கு முன் கொரொங்கோசா பூங்காவின் பெண் யானைகளில் தந்தமில்லாதவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. போருக்குப் பின் சுமார் பாதி. இங்கே சல்லடை துப்பாக்கி.

7. விஞ்ஞானிகள் ‘மாடல்’ என்கிறார்களே, அது பொம்மையா, கம்ப்யூட்டர் விளையாட்டா?

தமிழில் ‘மாதிரி’ என்கிறோம். ‘அந்த மாதிரி’, ‘இந்த மாதிரி’ என்று சொல்லும்போது என்ன பொருளோ அதேதான் இங்கேயும்: அச்சு அசலானது அல்ல, ஆனால் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது. நிஜத்தில் உள்ளதில் எதை விட்டுவிடுவது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்து, வைத்துக்கொண்டதைக் கணக்காக எழுதினால் அதுதான் மாதிரி.

இந்தத் துறையின் அடிப்படை மாதிரி வேடிக்கையானது, ஒன்றுமே நடக்காததைச் சொல்லும் மாதிரி அது. 1908இல் பிரிட்டனில் ஜி.எச். ஹார்டியும் ஜெர்மனியில் வில்ஹெல்ம் வைன்பெர்க் என்ற மருத்துவரும் தனித்தனியே சொன்னது. ஆமாம், இராமானுஜனை அழைத்த அதே ஹார்டிதான். ஒரு மரபணுவுக்கு இரண்டு வடிவங்கள், ஒன்றின் பங்கு p, மற்றதன் பங்கு q. ஒவ்வொரு உயிரிடமும் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகள், தாய் வழி ஒன்று, தந்தை வழி ஒன்று. தேர்வு இல்லை, புது மாற்றம் இல்லை, வெளியிலிருந்து வரவு இல்லை, கூட்டம் மிகப் பெரியது, இணை சேர்வதில் பாகுபாடு இல்லை. அப்படியானால் இரண்டும் முதல் வடிவம், வடிவத்துக்கு ஒன்று, இரண்டும் மற்ற வடிவம் என்ற மூன்று வகை உயிர்களும் p², 2pq, q² என்ற பங்கில் வந்து அப்படியே நிற்கும். ஓங்கிய பண்பு (ஒரே பிரதி இருந்தாலும் வெளியே தெரிவது) தானாகவே பெருகிவிடும் என்று அன்று பலர் நம்பிக்கொண்டிருந்ததை இந்தச் சின்னப் பெருக்கல் உடைத்தது.

ஒன்றும் நடக்காததற்கு ஏன் ஒரு மாதிரி? ஏதோ நடக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான். நிஜக் கூட்டத்தில் எண்ணிப் பார்த்த பங்கு இந்தக் கணக்கோடு ஒட்டவில்லையென்றால், விட்டுவைத்த ஐந்தில் ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று பொருள்.

8. நூத்துக்கு ஒண்ணு நன்மையெல்லாம் ஒரு நன்மையா? அதை வச்சு என்ன மாறும்?

கூட்டு வட்டி கட்டியவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள்! ஒரு வகைக்கு 1 சதவீதம் கூடுதல் பிள்ளைகள் என்று வையுங்கள். மாதிரியில் இதை s = 0.01 என்று எழுதுவார்கள். தொடக்கத்தில் அந்த வகை நூற்றில் ஒன்று, அதாவது 1க்கு 99. பாக்டீரியா போல மரபணுவின் ஒரே பிரதி உள்ள உயிர் என்றால், ஒவ்வொரு தலைமுறையிலும் இந்த விகிதம் 1.01ஆல் பெருக்கப்படும். வேறு சூத்திரம் எதுவும் தேவையில்லை.

போட்டுப் பாருங்கள். 1 சதவீதத்திலிருந்து 10 சதவீதத்துக்கு வர 241 தலைமுறை. இதுவரை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். 10இலிருந்து 90 ஆக 442. கடைசி 90இலிருந்து 99 ஆக மறுபடி 241. மொத்தம் 924. வரைபடத்தில் மெல்லக் கிளம்பி, நடுவில் விறுவிறுவென ஏறி, மேலே போய்ப் படுத்துக்கொள்ளும் வளைவு. நன்மை 10 சதவீதம் என்றால் இதே பயணத்துக்குச் சுமார் 96 தலைமுறை போதும்.

இது காகிதத்தில் மட்டும் இல்லை. ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் ஈ.கோலை பாக்டீரியாவின் 12 கூட்டங்களைத் தொடங்கினார். தினமும் நூறில் ஒரு பங்கை எடுத்துப் புது ஊட்டநீரில் விடுவது, அது மறுநாளுக்குள் நூறு மடங்காகப் பெருகுவது, அதாவது நாளுக்கு ஆறேமுக்கால் தலைமுறைக்குச் சற்றுக் குறைவு. 924 தலைமுறை என்பது அந்தக் குடுவைக்கு ஐந்து மாதம்கூட இல்லை. 500 தலைமுறைக்கு ஒரு முறை கொஞ்சம் எடுத்து உறையவைக்கிறார்கள். பேரனையும் பாட்டனையும் உயிரோடு எதிரெதிரே போட்டியிட வைத்து s எவ்வளவு என்று அளக்கலாம்!

9. அப்ப நல்ல மாற்றம் ஒண்ணு வந்துட்டா அது ஜெயிச்சே தீருமா?

இதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். முந்தைய கணக்கு நூற்றில் ஒன்றிலிருந்து தொடங்கியது. நிஜத்தில் புது மாற்றம் ஒரே ஒரு உயிரில் தொடங்குகிறது. அந்த ஒன்று பிள்ளை பெறும் முன் கழுகு தூக்கிக்கொண்டு போனால் கதை முடிந்தது. 1927இல் பிரிட்டிஷ் உயிரியலாளர் ஹால்டேன் போட்ட கணக்குப்படி, நன்மை s உள்ள ஒற்றை மாற்றம் பெரிய கூட்டத்தில் நிலைபெறும் வாய்ப்பு ஏறக்குறைய 2s. 1 சதவீத நன்மைக்கு 2 சதவீத வாய்ப்பு. நூறு முறை வந்தால் 98 முறை சுவடின்றி மறையும்.

நன்மையே இல்லாத மாற்றமும் வெல்லலாம். ஒரு பையில் 5 கறுப்பு மணி, 5 வெள்ளை மணி போடுங்கள். பார்க்காமல் ஒன்றை எடுத்து நிறத்தைக் குறித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பத்து முறை. 6 கறுப்பு, 4 வெள்ளை வந்ததா? அதுதான் அடுத்த தலைமுறை, பையை அப்படியே மாற்றி நிரப்புங்கள். மறுபடி பத்து முறை. பெரும்பாலும் பத்து, இருபது சுற்றுக்குள் பை முழுக்க ஒரே நிறம் ஆகிவிடும். எந்த நிறமும் மற்றதைவிட உசத்தி இல்லை. ஆயிரம் மணி வைத்துச் செய்தால் சராசரியாக ஆயிரம் சுற்றைத் தாண்டும். சிறிய கூட்டத்தில் தற்செயல் ராஜா, பெரிய கூட்டத்தில் தேர்வு ராஜா. இந்தப் பை விளையாட்டுத்தான் ரொனால்ட் ஃபிஷர், செவால் ரைட் இருவர் பெயரிலும் வழங்கும் மாதிரி. மூலக்கூறு அளவில் பெரும்பாலான மாற்றங்கள் இப்படி நகர்ந்து நிலைத்தவையே என்று மோட்டூ கிமுரா 1968இல் வாதிட்டார்.

10. இவ்வளவு சலிச்சும் நோய் தரும் மரபணுக்கள் ஏன் இன்னும் ஒழியல?

ஒளிந்துகொள்வதால். இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் நோய், ஒன்று மட்டும் இருந்தால் ஒன்றும் தெரியாது என்று ஒரு மரபணு வடிவம். அதன் பங்கு நூற்றில் ஒன்று என்க. 7இல் சொன்ன q² படி நோயுள்ளவர் பத்தாயிரத்தில் ஒருவர். வெறுமனே சுமப்பவர் சுமார் 198 பேர். ஆக அந்தப் பத்தாயிரம் பேரிடம் உள்ள 200 பிரதிகளில் சல்லடையில் சிக்குவது இரண்டே இரண்டு. நோயுள்ளவர் ஒருவருக்கும் பிள்ளையே பிறக்காது என்று வைத்தாலும், நூற்றில் ஒன்று இருநூறில் ஒன்றாகக் குறைய 100 தலைமுறை பிடிக்கும். மனிதருக்கு அது சுமார் 2,500 ஆண்டு. இருபதாம் நூற்றாண்டில் ‘இனத்தைச் சுத்தப்படுத்துகிறோம்’ என்று கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டவர்களின் கொடுமை ஒருபுறம் இருக்கட்டும், அவர்களுக்குக் கணக்கும் தெரியவில்லை.

சில வடிவங்கள் ஒளிந்திருப்பதோடு உதவியும் செய்கின்றன. அரிவாள் செல் மரபணு இரண்டு பிரதி இருந்தால் கடும் இரத்தசோகை. ஒன்று இருந்தால் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு. ஆந்தனி அலிசன் 1954இல் இதைக் காட்டினார். மாதிரியில் போட்டால்: மலேரியா உள்ள இடத்தில், அந்த மரபணு இல்லாதவருக்கு 10 சதவீத நட்டம், இரண்டு பிரதி உள்ளவருக்கு முழு நட்டம் என்று வைத்தால், அதன் பங்கு 0.1/1.1, அதாவது 9 சதவீதத்தில் போய் நிற்கும். ஆறில் ஒருவர் சுமப்பவர். இங்கே தேர்வு அதை ஒழிக்கவில்லை, பிடித்து வைத்திருக்கிறது.

11. பாதிக் கண்ணால என்ன பிரயோஜனம்?

வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்தாலே நிழலாய் வரும் எதிரியிடமிருந்து தப்பலாம். மங்கலாகத் தெரிவது, ஒன்றுமே தெரியாததைவிட மேல். தட்டையான ஒளியுணர் தோல், கிண்ணம் போலக் குழிந்தது, லென்ஸ் உள்ளது என்று எல்லாப் படிகளும் இன்றைக்கும் உயிரோடு உள்ள மெல்லுடலிகளில் கிடைக்கின்றன.

காலம் போதுமா என்பதுதான் மிச்சக் கேள்வி. 1994இல் நில்சன், பெல்கர் இருவரும் தட்டைத் தோலில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு அளவை 1 சதவீதம் மட்டும் மாற்றி, ஒவ்வொரு மாற்றமும் பார்வைக் கூர்மையைக் கூட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு கணக்கிட்டார்கள். மீன் கண் போன்ற ஒன்று வர 1,829 படிகள். வேண்டுமென்றே கஞ்சத்தனமான எண்களைப் போட்டும் நான்கு லட்சம் தலைமுறைக்குள் முடிந்தது. கண் இப்படித்தான் வந்தது என்று இந்த மாதிரி நிரூபிக்கவில்லை. ‘காலம் போதாது’ என்ற ஒரே ஆட்சேபத்துக்குத்தான் இது பதில்.

12. குரங்கிலிருந்து மனுஷன் வந்தான்னா குரங்கு ஏன் இன்னும் இருக்கு?

பெரியப்பா பிள்ளைகள் இருக்கும்போது நீங்களும் இருப்பது போலத்தான். இன்றைய குரங்கும் நாமும் ஒரு பழைய தாத்தாவின் கிளைகள். ‘பரிணாம வளர்ச்சி’ என்று நாம் சொல்லிப் பழகியதில் அந்த ‘வளர்ச்சி’தான் வில்லன். ஏணி போலத் தோன்றவைக்கிறது. 6இல் பார்த்த அலகுகள் வளரவும் இல்லை, தேயவும் இல்லை, மாறின.

13. தகுதியானது பிழைக்கும். எது தகுதியானது? பிழைத்தது! சுத்தி வளைச்சு ஒண்ணையேதானே சொல்றீங்க?

நல்ல கேள்வி, தத்துவம் படித்தவர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். பிழைத்தவற்றை எண்ணி, அந்த எண்ணையே தகுதி என்று பெயர் வைத்து, அதனால்தான் பிழைத்தன என்றால் அது வட்டம்தான். ஆனால் யாரும் அப்படி நிறுத்துவதில்லை. உருவிலும் மரபணுவிலும் ஒன்றேயான இரட்டையரில் ஒருவர் மேல் மின்னல் விழுகிறது. மற்றவர் தகுதியானவர் என்று எந்த உயிரியலாளரும் சொல்ல மாட்டார். தகுதி என்பது நடந்த எண்ணிக்கை அல்ல, உடலமைப்பும் சூழலும் சேர்ந்து தரும் வாய்ப்பு.

அந்த வாய்ப்பை முன்கூட்டியே சொல்லலாம். நெருஞ்சிக் காயை உடைக்க எவ்வளவு விசை வேண்டும், எந்த அலகு அவ்வளவு தரும் என்று பறவை சாகும் முன்பே அளக்க முடியும். அளந்து, ‘வறட்சி வந்தால் பருமன் அலகு கூடும்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தால், சொன்னது பொய்யாகவும் போகலாம். பொய்யாகப் போகக்கூடிய கூற்று வட்டக் கூற்று அல்ல. மாதிரியில் உள்ள s வெறும் கணக்குப்புள்ளி, உண்மைதான். அந்த s எங்கிருந்து வருகிறது என்று களத்தில் போய்த் தேடுவதுதான் அறிவியல்.

14. தேனீ கொட்டிட்டுச் செத்துப்போகுதே, அது இனத்துக்காகத் தியாகமா?

இனத்துக்காக அல்ல, அந்தக் கணக்கு ஒத்துவராது. தியாகம் செய்யாமல் ஒட்டிக்கொண்டிருப்பவரின் வகை விரைவில் பெருகித் தியாகிகளை விழுங்கிவிடும். 1964இல் உயிரியலாளர் ஹாமில்டன் சொன்ன விதி: உதவியால் உறவினருக்கு வரும் லாபத்தை உறவின் அளவால் (மரபணுவில் எத்தனை பங்கு பொது என்பதால்) பெருக்கினால், அது உதவுபவரின் நட்டத்தைவிடப் பெரிதாக இருந்தால், அந்தப் பண்பு பரவும். வேலைக்காரத் தேனீ பொதுவாக இனப்பெருக்கம் செய்வதில்லை. அது காப்பது தன் தாயையும், தன் மரபணுக்களில் ஒரு பங்கைப் பகிரும் உடன்பிறப்புகளையும்தான்.

15. எதை வேணா மாதிரியில பொருத்திடலாமே? மாதிரி தப்பாப் போனதுண்டா?

முதலில் சரியாகப் போனது ஒன்று. இங்கிலாந்தின் மிளகுப் பூச்சி எனும் விட்டில், தொழிற்சாலைப் புகைக் காலத்தில் கறுத்தது. மான்செஸ்டரில் 1848இல் கறுப்பு வகை அரிது, நூற்றாண்டு முடிவதற்குள் அதுதான் பெரும்பான்மை. 1924இல் ஹால்டேன் இந்த வேகத்தை மட்டும் வைத்து, கறுப்பு வகைக்கு மற்றதைப் போலச் சுமார் ஒன்றரை மடங்கு பிழைக்கும் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அன்று பலரும் எதிர்பார்த்ததைவிட மிகப் பெரிய எண். பிற்பாடு பறவைகள் விட்டிலைக் கொத்துவதைக் களத்தில் எண்ணியபோது, தேர்வு உண்மையிலேயே அவ்வளவு கடுமையாக இருக்க முடியும் என்று தெரிந்தது. 1950களுக்குப் பிறகு காற்று சுத்தமானதும் கறுப்பு வகை சரிந்தது.

தப்பாகப் போனதற்கு ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவுச் செம்மறிகளைச் சொல்வேன். அங்கே பெரிய ஆடுகள்தான் குளிரில் கூடுதலாகப் பிழைக்கின்றன, உடல் அளவும் ஓரளவு பெற்றோர் வழி வருவது. தேர்வின் அளவை மரபுவழிப் பங்கால் பெருக்கும் எளிய சூத்திரத்தின்படி ஆடுகள் தலைமுறைக்குத் தலைமுறை பெருத்திருக்க வேண்டும். 1980களிலிருந்து எடைபோட்டுப் பார்த்தால் சிறுத்துக்கொண்டே வந்தன. சூத்திரத்தில் குளிர்காலம் என்றைக்கும் ஒன்றுபோல இருக்கும் என்று சொல்லாமலே ஓர் அனுமானம் இருந்தது. குளிர் தணிந்ததும், முன்பு முதல் பனிக்கே செத்திருக்கும் மெதுவாக வளரும் குட்டிகளும் தப்பித்தன. போதாக்குறைக்கு இளம் தாய்கள் ஈன்றவை சின்னக் குட்டிகள். சராசரி இறங்கியது. பெரிய ஆட்டுக்குச் சாதகமான தேர்வு அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது.